எட்டாம் எண்ணை மாற்றிய நாத்தனார்

ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், கணினி அறையைப் பற்றி எழுத வந்ததற்கு வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே தயங்குகிறவள் நான். ஆனாலும் என் நாத்தனாரின் பெருமையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்டுக் கேட்டு, பக்கத்தில் இருந்து பார்த்தவள் நானும் ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அந்த நாட்களை நினைத்தால் புதிய சர்வரின் முகப்பில் நான் ஒட்டிய வெள்ளை வில்லைதான் முதலில் கண்முன் வருகிறது. அதில் சிவப்பு மையில் 8 என்று எழுதியிருந்தேன். தொண்ணூறுகளில், கிள்ளானில் சரக்குப் பெட்டிகளை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் நானும் நாத்தனாரும் கணினி அறையில் வேலை செய்தோம். என் கணவருக்குத் தங்கை அவள். படிப்பும் என் அளவுதான். அவளுக்கு அங்கே வேலை கேட்டு வாங்கியதே நான்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரே வீட்டில் இருந்து ஒரே ரயிலில் போய் வந்தோம். ரயிலில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவளிடம்தான் பேசுவார்கள்.

புதிய சர்வர்கள் வந்தபோது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எந்த எண் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இயந்திரங்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் முகவரியின் முன்பகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், கடைசி எண் மட்டும் மாறும். ஒரே எண் இரண்டுக்கு விழுந்தால் இரண்டும் முடங்கிவிடும். எங்கள் மேலாளர் சீனர்; அவர்களுக்கு நாலு சாவின் எண், எட்டு செல்வத்தின் எண். நாலில் முடியும் எண் எதற்கும் கூடாது, முக்கிய சர்வருக்கு எட்டுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதன்படியே எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டினேன். ஒன்பதைப் பிரிண்டருக்குக் கொடுத்தேன். சுபாங் ஜெயாவில் திறக்கவிருந்த இரண்டாவது கணினி அறையின் பொறுப்பை எங்கள் இருவரில் ஒருவருக்குத் தருவதாகப் பேச்சு இருந்தது. அது எனக்குத்தான் என்று மனத்துக்குள் வீடே கட்டியிருந்தேன்.

புதிய சர்வர்களை ஓட்டத் தொடங்கிய நாள் காலையில் பிரிண்டரைப் போட்டதும், முக்கிய சர்வரோடு இணைந்திருந்த எழுத்தர்களின் திரைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. வெளியே லோரி ஓட்டுநர்கள் ரசீதுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கொடுத்த எண்கள் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லாமல் சுவரில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நாத்தனார் முன்னால் வந்து, பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கினாள். திரைகள் உயிர் பெற்றன. அவள் மேலாளரிடம் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பாஸ், நான்தான் மாத்துனேன். ஒங்களுக்கு நாலு ஆகாது, எங்களுக்கு எட்டு ஆகாது. சனியோட நம்பர்லா. அதான் சர்வருக்கு உள்ளுக்குள்ள ஒன்பது போட்டேன். பிரிண்டருக்கு ஒன்பதுன்னு அண்ணி எழுதுனத மறந்துட்டேன்."

மேலாளர் முகம் இறுகியது. அவள் நிறுத்தவில்லை. "எட்ட பிரிண்டருக்குக் குடுத்துடலாம் பாஸ். காசு வர்ற பில்லெல்லாம் அதுதானே அடிக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் நின்ற ஓட்டுநர்களும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் குனிந்து, "பிரிண்டருக்கு எப்பவோ சனி பிடிச்சாச்சு அண்ணி, தெனம் பேப்பர் சிக்குதில்ல" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மதிய உணவுக்கு முன்பே மேலாளர் முடிவைச் சொல்லிவிட்டார். புது இடத்தில் தவறு வரத்தான் செய்யும், வந்தால் எழுந்து நின்று பேச ஆள் வேண்டும், அதனால் சுபாங் ஜெயாவுக்கு நாத்தனார் போகட்டும் என்றார். தவறு செய்தவளுக்குப் பதவி, சரியாகச் செய்தவளுக்குப் பழைய நாற்காலி. இதை அவரிடம் கேட்க வாய் வருபவளாக இருந்திருந்தால் கேட்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் நெஞ்சு எரிந்தது.

மாலையில் வீட்டில் என் கணவர் ஜிலேபி வாங்கி வந்தார். தங்கையின் தட்டில்தான் முதலில் வைத்தார். அவள் பாதியைப் பிட்டு எனக்கு நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணி, ஒங்க பிளான எடுத்துக்கட்டுமா? அங்கயும் அப்படியே போட்டுடறேன். ஒங்க அளவுக்கு எனக்குப் பிரிக்க வராது."

உண்மையாகவே கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்துக்க" என்றேன்.

இன்று அவளுக்குக் கீழே ஒரு பெரிய குழுவே இருக்கிறது. எண்கள் இப்போது தாமாகவே பிரிந்துகொள்கின்றன, சுவரில் தாள் ஒட்ட ஆள் தேவையில்லை. அவளைப் புகழ்கிறவர்களுக்கு நானும் தலையாட்டுகிறேன். பொறாமை வயதோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

அன்று ஜிலேபி தின்ற மறுநாள் காலையும் இருவரும் ஒரே ரயிலில்தான் ஏறினோம். அவள் சுபாங் ஜெயாவில் இறங்கினாள். நான் கிள்ளான் வரை போனேன்.