'எஸ்' வெட்டும் உத்தியோகம்

டைப் அடித்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நாம் கடிதத்தைப் படிப்பதில்லை, அதிலுள்ள தப்பைத்தான் படிக்கிறோம். எழுபதுகளில் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோ. டாக்குரியாவில் குடியிருந்துகொண்டு, லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்கிக்கொண்டு, நாள் முழுக்க அடுத்தவர் இங்கிலீஷைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நாற்பது மேஜை

எங்கள் மானேஜருக்கு எதுவும் பன்மையில் இருந்தால்தான் கௌரவம். 'பர்னிச்சர்ஸ்', 'இன்பர்மேஷன்ஸ்', 'ஸ்டாஃப்ஸ்' என்று டிக்டேஷன் கொட்டும். இங்கிலீஷில் இவற்றுக்குப் பன்மை கிடையாது; நான் சத்தமில்லாமல் 'எஸ்'ஸை வெட்டிவிடுவேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"நாப்பது மேஜை இருக்கு. ஒரே ஒரு பர்னிச்சர்னு ஹெட் ஆபீஸ்ல நெனச்சுட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

டிபன் வேளையில் ஒரு கேள்வி

ஆட்குறைப்பு வந்தது. குறிப்பையும் பட்டியலையும் மானேஜர் கையால் எழுதித் தந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அடித்துக் கொடுத்தேன். வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது நம் தொழில் தர்மம்.

மறுநாள் டிபன் வேளையில் ஹால்தார்தா, நம் வழக்கில் ஹால்தார் அண்ணா, வந்து உட்கார்ந்தார். தபால் பிரிவு குமாஸ்தா; ஒன்பது வருஷமாக என் இட்லியில் பங்கு கேட்பவர். துர்காபூரில் அவருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அன்றைக்குள் பதில் எழுத வேண்டும். மனைவி சீக்காளி, ஊரைவிட்டுப் போக மனசில்லை. பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். மூன்று இடத்தில் 'எஸ்' வெட்டியது நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் பெயரை அடித்ததாக ஞாபகமே இல்லை. தொழில் தர்மத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, இல்லவே இல்லை என்றேன்.

"அப்ப துர்காபூருக்கு வரலேன்னு எழுதிப் போட்டுடறேன், வெங்கட்."

கார்பன் காப்பி

அடுத்த வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து அவருக்கும் நோட்டீஸ் வந்தது. துர்காபூரில் அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நோட்டீஸைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்து நின்றார்.

கார்பன் காப்பியையும் மானேஜர் எழுதிய தாளையும் வெளியே எடுத்தேன். பதினோராவது பெயர் அவருடையது. மானேஜர் அதில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். பென்சிலால் அதைச் சேர்த்துச் சரியாக அடித்திருந்ததும் நான்தான். எழுத்தைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. விரலை வைத்துத் தன் பெயரை மெதுவாகப் படித்தார்.

"இந்த ஆபீஸ்ல என் பேரை ஒருத்தரும் சரியா எழுதினதில்ல. நீ எழுதியிருக்கே."

சில வருஷம் கழித்து நான் விலகியபோது கொடுத்த சர்டிபிகேட்டில், பணிக்காலம் முழுவதும் ஒரு தப்பும் செய்யாதவர் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தது.