சேஷன் சாரின் காது

திருவனந்தபுரம் கோட்டைக்குள், அக்ரகாரத் தெருவில் குடியிருந்த சேஷன் சாருக்குச் சொத்து என்று இருந்தவை தாத்தா கட்டிய வீடும் தன் இரண்டு காதுகளும்தான். வீட்டில் பங்காளிகளுக்குப் பாத்தியதை உண்டு. காதுகள் முழுக்க அவருக்கே சொந்தம். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சூப்பிரண்டாக உயர்ந்தவர், பாட வராது, எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஆனாலும் கச்சேரியில் அவர் முகத்தைச் சுளித்தால் பக்கத்து நாற்காலிக்காரரும் சுளிப்பார். எதற்குச் சுளித்தோம் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். தெருவில் யார் புதிதாக டேப் ரிக்கார்டர் வாங்கினாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டு "கொள்ளாம், தேவலை" என்றால்தான் வாங்கினவருக்குத் தூக்கம் வரும்.

அந்தக் காதுக்கு முதல் பலி அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. அவள் சின்ன வயசிலிருந்தே முறையாகப் பாட்டு கற்றவள். கல்யாணமான வருஷம் நவராத்திரிக்குக் கொலு முன்னால் உட்கார்ந்து பேகடை ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். வந்திருந்த மாமிகள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்தார்கள். எல்லோரும் போன பிறகு சேஷன் சார் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "எல்லாம் சரி ஜெயம். மத்யம ஸ்வரம் நிக்கலை" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கு மூடின வாய். அதற்கப்புறம் கொலுவுக்குக் கொலு மாமிகள் கேட்பார்கள், "தொண்டை கட்டியிருக்கு" என்பாள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் வரை அந்தத் தொண்டைக்கட்டு அவிழவே இல்லை.

அந்த வருஷம் ஆவணியில், ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய அண்ணா பிள்ளை சுமந்த் சிங்கப்பூர் போய்த் திரும்பும்போது சித்தப்பாவுக்காக ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தான். பேர் கன்வெர்ட்டர். சி.டி.யில் இருப்பது பாட்டே இல்லையாம், வெறும் எண்களாம். அதைச் சத்தமாக மாற்றும் வேலையைப் பிளேயர் இதுநாள்வரை தனக்குள்ளேயே ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்ததாம். இந்தப் பெட்டி அதே வேலையைப் பத்தரைமாற்றுச் சுத்தமாகச் செய்யுமாம்.

"வித்தியாசம் தெரியுமோ?" என்று ஜெயலக்ஷ்மி கேட்டாள்.

"காது உள்ளவாளுக்குத் தெரியும்."

கூடத்து அலமாரியில் மேல்தட்டில் பிளேயர், கீழ்த்தட்டில் கன்வெர்ட்டர். தூசி பட்டால் நாதம் கெட்டுப்போகும் என்று கீழ்த்தட்டுக்குத் திரை போட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் கன்வெர்ட்டரோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம் என்று போட்டுக் காட்டுவார். காட்டுவது அவர், திரைக்குள் தலையை நுழைத்துச் சிவப்பு வயரையும் வெள்ளை வயரையும் பெட்டிக்கும் பிளேயருக்குமாக மாற்றி மாற்றிச் செருகுவது ஜெயலக்ஷ்மி. நாலு நாளில் அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வேலை வரும் என்றாகிவிட்டது. "இது பெட்டியில்லேடி, சாட்சாத் சரஸ்வதியாக்கும்" என்று அவர் பெட்டியைத் தடவிக்கொடுப்பார். அவளை அப்படித் தடவிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

தெருவே தலையாட்டியது, ஒருத்தரைத் தவிர. சங்கீத சபாவின் செயலாளர் அனந்தபத்மநாபன் கோயில் வாசலில் நாலு பேர் நடுவில், "எல்லாம் மனப்பிரமை ஓய்! அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணுமில்லை, சேஷன் காதுக்குள்ளயும் ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டார். சேஷன் சாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டும் இல்லை, பதவியும் பெரிசில்லை, இந்தக் காதும் போய்விட்டால் தெருவில் அவர் யார்? துர்காஷ்டமியன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நேரில் கேட்டுப்பார்க்கச் சொல்லி அனந்தபத்மநாபனுக்குச் சவால் விட்டார்.

அஷ்டமி சாயங்காலம்தான் பூஜை வைப்பு. புஸ்தகம், பேனா, வாத்தியம் என்று வித்தைக்கு உரியதையெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பட்டுத்துணியால் மூடிவிட வேண்டும். தசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. சேஷன் சார் ஆபீசிலிருந்து திரும்ப நேரமாகும், விளக்கு வைக்குமுன் வைப்பை முடித்தாக வேண்டும். ஜெயலக்ஷ்மி புஸ்தகங்களை அடுக்கினாள், மூலையில் கிடந்த தன் பழைய சுருதிப்பெட்டியை வைத்தாள். அப்போதுதான் அவர் வாயால் சொன்ன சரஸ்வதி நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டால் தெய்வக் குற்றம், அதைவிட, ராத்திரி முழுக்க அவர் புலம்பல். கன்வெர்ட்டரைக் கழற்றி, பிளேயரைப் பழையபடி நேராகச் செருகிவிட்டு, பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துத் துணியை மூடினாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவர் தனியாக வரவில்லை. அனந்தபத்மநாபனோடு வந்து, செருப்பைக் கழற்றின வேகத்தில் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கேட்டேளா, செத்த உள்ளே வாங்கோளேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"அப்பறம், அப்பறம். மொதல்ல கேக்கட்டும்!"

சி.டி. சுழன்றது. ஒரு ஆலாபனை. சேஷன் சார் கண்ணை மூடினார். "இது கன்வெர்ட்டரோட. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில காத்து ஓடறது, தெரியறதா?"

"எனக்கு ஒண்ணும் ஓடலை ஓய்" என்றார் அனந்தபத்மநாபன்.

"ஓடும். ஜெயம், மாத்து!"

ஜெயலக்ஷ்மி திரைக்குள் தலையை நுழைத்தாள். உள்ளே மாற்ற என்ன இருக்கிறது? பெட்டி பூஜையில், இங்கே வெறும் பலகை. இப்போது சொன்னால் மனுஷர் மானம் அனந்தபத்மநாபன் கையில். பின்பக்கமாகக் கையை மேலே விட்டு, பிளேயரில் இருந்த வயரைப் பிடுங்கி அதே துளையில் திரும்பச் செருகிவிட்டு வெளியே வந்தாள்.

அதே ஆலாபனை. சேஷன் சார் பல்வலி வந்தவர்போல் முகத்தைச் சுளித்தார். "ஐயய்யோ, தகர டப்பா! உயிரே இல்லை, பாத்தேரா?"

அனந்தபத்மநாபன் காதைத் தீட்டினார். தலையைச் சாய்த்தார். "ஓய்... கொஞ்சம் மங்கித்தான் இருக்கு, அல்லே?"

"மறுபடி மாத்துடி!"

மறுபடி திரை, மறுபடி அதே துளை. இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து "ஆஹா!" என்றார்கள். அனந்தபத்மநாபனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நான் சொன்னது தப்பு சேஷன். உம்ம காது காதாக்கும்! அந்தப் பெட்டி எனக்கும் ஒண்ணு வேணும்" என்று சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்.

ஜெயலக்ஷ்மி அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. இல்லாத பெட்டியைக் கேட்ட இந்தக் காதுதானா அன்றைக்கு மத்யமம் நிற்கவில்லை என்றது? இதற்கா இத்தனை நவராத்திரி ஊமையாக உட்கார்ந்திருந்தேன்? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சொல்லிவிடுவோம் என்று கூடத்துக்கு வந்தாள்.

"பாத்தியா ஜெயம்? இந்தக் காதை ஒருத்தன் ஏமாத்த முடியுமோ?" என்றார் அவர்.

அவள் திரும்ப அடுக்களைக்கே போனாள். இருக்கட்டும், தசமி வரட்டும்.

நவமியன்று அவர் பகல் முழுக்க பாட்டுக் கேட்டார். "பெட்டி இப்பத்தான் பதமாயிருக்கு, நாளுக்கு நாள் மெருகு ஏறறது" என்றார். அப்புறம் குளித்துவிட்டு வந்து பட்டுத்துணிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டி முடிந்ததும் ஜெயலக்ஷ்மி துணியை எடுத்தாள். பஞ்சாங்கத்துக்கும் சுருதிப்பெட்டிக்கும் நடுவில், பொட்டும் பூவுமாகக் கன்வெர்ட்டர்.

"இது... இது எப்ப இங்கே வந்தது?"

"அஷ்டமி சாயங்காலம். நீங்க வரதுக்கு முன்னாடி. சரஸ்வதின்னு நீங்கதானே சொன்னேள்?"

சேஷன் சார் அலமாரியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அனந்தபத்மநாபன் வந்தது, தகர டப்பா, நேற்றைய மெருகு எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. மெதுவாக மணையில் உட்கார்ந்தார். பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தது போதும்.

"பூஜை எடுத்தா அவாவா வித்தையைத் தொடணும்" என்று சொல்லிச் சுருதிப்பெட்டியை மடியில் இழுத்துக்கொண்டாள். பேகடை. குரல் முதலில் கரகரத்தது, தடுக்கியது, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டது. மத்யமத்துக்கு வந்து நிறுத்தினாள். வேண்டுமென்றே நீளமாக நிறுத்தினாள்.

பழக்கதோஷத்தில் சேஷன் சாரின் புருவம் சுருங்கப் பார்த்தது. பாதியில் அவரே அதை நிறுத்திக்கொண்டார். அவள் பாடி முடிக்கும்வரை காத்திருந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அன்னிக்கும்... இப்படித்தான் இருந்ததா ஜெயம்?"

"எனக்கென்ன தெரியும்? காது உங்களோடதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்தாள்.