தொங்கல் காம்பராவின் பத்து ஓம்

நேற்று மாலை மகள் விஞ்ஞானக் கணக்கொன்றோடு வந்து நின்றாள். கம்பியில் இழந்த அழுத்தம் அறுபது வோல்ட், மின்னோட்டம் ஆறு அம்பியர், தடை எவ்வளவு? "அறுபத ஆறால வகுத்தா பத்து ஓம்தானேப்பா?" என்றாள். சரிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். பாவம், அப்பாவுக்கு என்ன கோபமோ என்று நினைத்திருப்பாள். அந்தப் பத்து ஓமை எனக்குத் தெரியும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் இருந்த லயமொன்றில் அதற்கு அடியில்தான் நாங்கள் படுத்துத் தூங்கினோம்.

லயத்துக்கே ஒரே மீட்டர். அது முதல் வீட்டு மாரியாயி அக்காவின் சுவரில் இருந்தது. அங்கிருந்து மெல்லிய வயரொன்று கூரைத் தகரத்துக்கு அடியில் வீடு வீடாகக் கரண்டு கொடுத்துக்கொண்டு, கடைசியில் இருந்த எங்கள் தொங்கல் காம்பராவுக்கு வரும். அக்கா வீட்டில் பளிச்சென்று எரியும் பல்பு எங்களிடம் பழுத்த கொய்யா நிறத்தில் எரியும். அதனால்தான் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று பல காலம் சொல்லித் திரிந்தேன். வெளிச்சம் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஏறியிருக்காது.

தங்கச்சி கலாவுக்கு வெளிச்சமல்ல, மூச்சுத்தான் பிரச்சினை. மழை பிடித்தால் இழுப்பு வந்துவிடும். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மெஷினொன்றை அப்பா பதுளையிலிருந்து எப்படியோ கொண்டுவந்தார். ஆனால் மாலையில் எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் ஓடும்போது மெஷின் முக்கும், முனகும், புகை வராது. பிள்ளை முகமூடிக்குள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஃபேக்டரியில் வயரிங் பார்க்கும் மாமாவைக் கூட்டிவந்து அளந்தேன். மாரியாயி அக்கா வீட்டில் 230 வோல்ட், எங்களிடம் 170. எல்லா வீட்டுக்குமாக வயரில் ஓடுவது சராசரியாக ஆறு அம்பியர். அப்படியானால் வயரின் தடை பத்து ஓம். அறுபதை ஆறால் பெருக்கினால் முந்நூற்று அறுபது வாட். அவ்வளவு வலுவும் தகரத்துக்கு அடியில் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது! மற்றவர்கள் அணைத்துவிட்டால்? மெஷினுக்கு ஓர் அம்பியர் போதும். வயரில் பத்து வோல்ட்தான் போகும், மீதி 220 எங்களுக்கு. பெரிய விஞ்ஞானி மாதிரி குதித்தேன்.

"ஒங் கணக்கு மூச்சு விடுமாண்ணே?" என்று கலா இழுத்து இழுத்துக் கிண்டல் செய்தாள்.

விட்டது. அன்றிலிருந்து அம்மா வாசலில் நின்று, "மெஷின் போடப் போறோமுங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். "அணைங்கப்பா, புள்ளைக்கு மெஷினு!" என்று அந்தக் கோடியிலிருந்து மாரியாயி அக்கா கத்துவாள். டிவியில் நாடகம் உச்சத்தில் இருந்தாலும் சரி, லயம் முழுக்க இருட்டிவிடும். முடிந்ததும் அம்மா, "போட்டுக்கோங்க!" என்பாள். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

ஓர் ஐப்பசி மாலையிலும் அப்படித்தான் எல்லோரும் அணைத்தார்கள். மெஷின் நன்றாக ஓடியது, புகை நிறைய வந்தது. கலாவால்தான் அதை உள்ளே இழுக்க முடியவில்லை. அப்பா வேன் கொண்டுவருவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள். அம்மாவுக்கு அழக்கூட வாய் வரவில்லை, லைட்டைப் போடச் சொல்ல எங்கே வரும்? லயம் இருட்டிலேயே காத்திருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு மாரியாயி அக்கா தட்டுத்தடுமாறி வந்து, "புள்ளைக்கு இன்னுங் கொஞ்ச நேரம் வேணுமா?" என்று கேட்டாள்.

இப்போது அந்த லயம் இல்லை. தனித்தனி வீடுகள், வீட்டுக்கு வீடு மீட்டர். நல்லதுதான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாசலில் நின்று யாரும் சத்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்கு மூச்சு முட்டினாலும் பக்கத்து வீட்டு நாடகம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.