பில்லுக்காகச் சத்தம் போட்ட ரெஜினா அக்கா

புதுக்கடைச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து சுனிதா அழைத்தாள். "நம்ம ரெஜினா அக்கா போயிட்டாவ. காலையில நெஞ்சுவலியாம்."

"ஏட்டி, சும்மா இரி" என்று அதட்டினேன். முந்தின நாள் மாலைகூட ஏசியைக் குறைக்கச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றவர் எப்படிப் போவார்?

எங்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அவர்தான் மூத்தவர். ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் பதிந்து, பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. சேர்ந்த புதிதில், மார்பை அகற்றும் சிகிச்சையைப் பெயர் சொல்லக் கூசி, "அந்த ஆப்பரேஷன்" என்றேன்.

"எந்த ஆப்பரேஷன்? பேரு சொல்லு மக்கா. வலமா இடமான்னும் சொல்லு. கூச்சப்பட்டா பில்லு பாஸாவுமா?" என்றார் அக்கா.

பிறகொரு நாள் தேங்காய்ப்பட்டணத்து மரியபுஷ்பம் அம்மாள் வந்தார். முன்பு வேறோர் ஊரில் அவருக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். இப்போது இடதிலும் புற்றுநோய். மறுநாள் அறுவை சிகிச்சை. காப்பீட்டு நிறுவனமோ, இதற்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்று அனுமதி மறுத்துவிட்டது. பழைய பில்லில் எந்தப் பக்கம் என்று யாரும் குறிக்கவில்லை. சிகிச்சை தள்ளிப்போனால் நோய் பரவிவிடும். அந்த அம்மாள் கவுண்டர் முன்னால் அழுதுகொண்டு நின்றார்.

அக்கா போனை எடுத்தார். ஒருவர் மாற்றி ஒருவரிடம் விளக்கினார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"சார், பொம்பளைக்கு மார்பு ரெண்டு! வலது எடுத்தாச்சு. இப்போ எடுக்கப் போறது இடது. எடுத்ததையே மறுபடியும் எடுக்க எங்க டாக்டருக்கு என்ன கிறுக்கா?"

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்முனை மெதுவாகப் பேசச் சொல்லியிருக்க வேண்டும்.

"மெதுவாத்தான் மத்தவங்ககிட்ட சொன்னேன். உங்களுக்காவது கேக்கட்டும்!"

ஐயோ, எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. மரியபுஷ்பம் அம்மாள் அழுகையை மறந்து, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். அக்கா பழைய அறுவைக் குறிப்பைத் தேடி அனுப்பினார். மாலையில் அனுமதி வந்தது. மறுநாள் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அக்காவின் தம்பி, "நீங்க சொந்தமா?" என்று கேட்டார்.

"உங்க அக்கா அன்னைக்கு சண்டை போடல்லன்னா, அவளுக்கு முன்னாலயே நான் இங்க வந்து கெடந்திருப்பேன், தம்பி."

அழுதுகொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்குக் கையை உயர்த்துவதே பெரும்பாடு. அவரோ இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். "போயிட்டு வா, எம் மக்கா!"

அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே போய் வாருங்கள், அக்கா.