தவளைமீனுக்குத் துணை

அரியரத்தினத்தின் வீட்டுக்கு யார் வந்தாலும், வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு மீன் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிக் கேட்க ஆள் வந்தே எட்டு மாதமாகிவிட்டது. மீன் கண்ணெதிரேதான் இருக்கும். பவளப்பாறைகளில் வாழும் தவளைமீன். மஞ்சள் கடற்பஞ்சின் மேல் அதுவும் மஞ்சளாக, மடிப்பும் பருக்களுமாக, பஞ்சுபோலவே உட்கார்ந்திருக்கும்.

துறைமுகக் கிடங்கில் இருபத்தாறு வருடம் பெட்டி இறக்கி ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இறந்தபின் செயின்ட்-மிஷேல் பகுதி வீட்டில் தனியே இருந்தார். மேல்மாடிக்காரர் வீடு மாறியபோது தொட்டியை மீனோடு அவரிடம் விட்டுப் போனார். ரொறன்ரோவிலிருந்து மகள் ஆர்த்திகா ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்துப் பேசுவாள்.

"ஒரு மாதம் வந்து நில்லுங்கோவன் அப்பா."

"மீனை ஆர் பாக்கிறது?"

மூன்று வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

செத்த இறாலை அது திரும்பியும் பாராது. குச்சியில் குத்தி, உயிரோடு நீந்துவதுபோல் ஆட்டிக் காட்டவேண்டும். சில நாள் அரைமணி நேரம் ஆகும், கை உளையும். அவருக்கு அது பிடித்திருந்தது.

பெப்ரவரியில் ஒரு கிழமை, ஏழு நாளும், பனி கொட்டியது. மகளைத் தவிர அவர் யாரோடும் கதைக்கவில்லை. மீனுக்கும் இப்படித்தானே இருக்கும் என்று தோன்ற, நீலச் சிறுமீன் ஒன்றை வாங்கி விட்டார். காலையில் அதைக் காணவில்லை. துள்ளி விழுந்திருக்கும் என்று சோபாவை இழுத்துப்போட்டுத் தேடினார். இன்னொன்று வாங்கினார். அதுவும் போயிற்று. மூன்றாவதற்குப் போனபோது வளர்ப்புமீன் கடையில் வேலைசெய்யும் தமிழ்ப் பெண் ஜெசிக்கா சிரித்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க துணை விடேல்லை. சாப்பாடு போட்டிருக்கிறியள்."

அது தனியேதான் இருக்கும், கிழமைக்கு இரண்டு தரம் தின்றால் போதும் என்றாள். எங்காவது போவதென்றால் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கினார். இரண்டு சுவெற்றரை மடித்து வைத்தார். 'சரி பிள்ளை, வாறன்' என்று ஒருதரம் சொல்லியும் பார்த்தார்.

ஞாயிறு ஆர்த்திகா எடுத்தாள். பனியைப் பற்றியும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பைப் பற்றியும் சொன்னாள். அவர் காத்திருந்தார்.

"இனி உங்களை வரச்சொல்லிக் கரைச்சல் தரமாட்டன் அப்பா. அங்கதான் உங்களுக்குச் சந்தோசம் எண்டு இப்பதான் விளங்குது. மீன் சுகமோ?"

"ஓம்," என்றார். "சுகம்."

பிறகு எடுப்பதாகச் சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

சூட்கேஸ் கதவடியில் நின்றது. அரியரத்தினம் ஓர் இறாலைக் குச்சியில் குத்தித் தண்ணீரில் இறக்கினார். மீன் நேற்றுத்தான் தின்றிருந்தது. இன்றைக்குப் பசி இராது என்று தெரிந்தும், கை உளையும்வரை ஆட்டிக்கொண்டிருந்தார்.