பன்னிரண்டாவது ஆட்சேபணை

மெட்ராஸ் பேட்டன்ட் ஆபீசிலிருந்து வந்த கடிதத்தில் பதினோரு ஆட்சேபணைகள் இருந்தன. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அழகர்சாமி நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கோவிந்தப்பன் அதை நின்றபடியே மூன்று முறை படித்தான். நாலாவது முறை படிக்கப் பொறுமையில்லாமல் மேஜைமேல் வீசினான்.

“வூட்ல கொழம்பு வெச்சு இவங்களுக்கு ஊத்துனா, புளியும் மொளகாயும் முன்னாடியே தெரிஞ்ச சாமானு, அதனால இது கொழம்பே இல்லைன்னுவாங்க போல” என்றான்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஐந்தாவது ஆட்சேபணை கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. இவன் போட்ட சர்க்கியூட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர், ரிலே, கண்டென்சர் எல்லாமே ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்த பொருள்களை வேறு மாதிரி அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. மற்றவை இன்னும் அழகு. தலைப்பு நீளமாக இருக்கிறது. உரிமை கேட்கும் பகுதி ஒவ்வொன்றும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். படத்தின் இடது ஓரத்தில் போதிய இடம் விடவில்லை. பதினோராவது, இந்தக் கருவி உண்மையில் பயன்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

கோவிந்தப்பன் மத்தூர்க்காரன். அப்பா ராமப்பன் நாற்பது வருஷம் ஒரே பண்ணையில் வேலை பார்த்தவர். மகன் டிப்ளமா படித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தான். பகலெல்லாம் அடுத்தவன் போட்ட சர்க்கியூட்டில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, தன் சர்க்கியூட்டில் ஒருவர் குற்றம் கண்டுபிடித்தால் உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் செய்தது கிணற்று மோட்டாருக்கான ஒரு சின்னப் பெட்டி. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் முனகும், சூடேறும், கடைசியில் காயில் என்கிற கம்பிச் சுருள் கருகிப்போகும். அதைத் தடுக்கக் கடையில் பெட்டிகள் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் ஓடுகிற மோட்டார் ஒரு வேலை செய்யும். செத்துப்போன பேஸிலும் கரண்டு இருப்பதுபோல் தானே பொய்யாகக் காட்டும். கடைப் பெட்டி அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிடும். கோவிந்தப்பனின் பெட்டி நம்பாது. ஒரு நொடியில் மோட்டாரை நிறுத்திவிடும். அது ஒன்றும் சாதாரண மூளை இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், தெரிய வேண்டியவர்களைத் தவிர.

“அண்ணே, கோவப்பட்டா டைப் அடிக்க முடியாது” என்றான் அழகர்சாமி. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் கடை போட்டவன். “ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, அங்கிட்டு இங்கிட்டு போகாம பதில் குடுத்துருவோம்.”

கொடுத்தார்கள். தலைப்பைக் குறைத்தார்கள். கோவிந்தப்பன் ஓரத்தில் இடம் விட்டுப் படத்தை மறுபடி வரைந்தான். அரைப் பக்கம் வருகிற விஷயத்தை ஒரே வாக்கியமாக எழுதினான். படித்து முடிப்பதற்குள் அழகர்சாமிக்கு மூச்சு வாங்கியது. பொய்க் கரண்டை அடையாளம் காண்பது பழைய பெட்டி எதிலும் இல்லை, அதனால் இது வெறும் அடுக்கல் இல்லை என்று ஐந்தாவதற்கு மட்டும் எட்டுப் பக்கம் இங்கிலீஷில் வாதாடினான். வாதம் என்றால் அவனுக்கு வெல்லம். ஆதாரம் கேட்ட பதினோராவதற்கு என்ன செய்வது என்றபோது, “ஓடற எடத்துல போய் எழுதி வாங்கிட்டு வந்தாப் போவுது” என்று மத்தூருக்குப் பஸ் ஏறினான்.

முதல் பெட்டியை மாட்டியது சென்னகிருஷ்ணனின் கிணற்றில்தான். ராமப்பன் வேலை பார்த்த பண்ணை அவருடையது. 1986 மாசியில் அவர் மோட்டார் கருகியது. அதைப் பார்த்துத்தான் கோவிந்தப்பன் இந்தப் பெட்டியைச் செய்தான், பங்குனியில் மாட்டினான். ஐப்பசியில் விண்ணப்பம் போட்டான். பதினோரு ஆட்சேபணை வந்து அவன் மத்தூருக்குப் போனது 1988 ஆனியில். ஆக, பெட்டி ஓட ஆரம்பித்து ரெண்டு வருஷம் சொச்சம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இந்தக் கணக்கு.

சென்னகிருஷ்ணன் மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டுறவு சங்க டைரக்டராக இருந்த காலத்தில் அச்சடித்த லெட்டர் பேடைக் கொண்டுவரச் சொன்னார். எழுத எழுத உரக்கப் படித்தார்.

“எங்கள் ஊர் ராமப்பன் மகன் கோவிந்தப்பன் செய்த பெட்டி எனது கிணற்றில் நாலு வருஷமாக ஊரறிய ஓடுகிறது. ஒரு தடவை கூட மோட்டார் எரியவில்லை.” தலையைத் தூக்கி, “நாலு வருசந்தானே ஆவுது? சரிதானே?” என்று கேட்டார்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாசக்கணக்கில் வயது சொல்கிற மனிதர் அவர். பெட்டி விஷயத்தில் மட்டும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். கோவிந்தப்பனுக்குத் தொண்டை வரை வந்தது, ரெண்டுதாங்க என்று. எதிரே நின்று அவர் வார்த்தையைத் திருத்துவது என்பது அவன் குடும்பத்தில் யாரும் செய்து பழகாத காரியம். மழை வரும் என்று அவர் சொன்னால், வெயில் கொளுத்தினாலும் காயப்போட்டதை வாரிக்கொண்டு வந்தவர் ராமப்பன். கெட்டவர் இல்லை, இவன் டிப்ளமா படிக்கும்போது புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். அதனால் இன்னும் கஷ்டம். போதாததற்கு, நாலு வருஷம் என்றால் கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் சேர்ந்துகொண்டது.

“சரிங்க ஐயா” என்றான்.

1989 பிப்ரவரியில் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. பத்து ஆட்சேபணைகளை ஒதுக்கிவிட்டார்கள். அந்த எட்டுப் பக்க வாதமும் ஜெயித்துவிட்டது. பதினோராவதும் தீர்ந்தது, கருவி பயன்படுகிறது என்று சாட்சி சொல்கிறார். ஆனால் அதே சாட்சியால் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. பன்னிரண்டாவது. விண்ணப்பம் போட்டது 86-ல். சாட்சி சொல்லும் கணக்குப்படி 84-லிருந்தே பெட்டி ஊரறிய ஓடுகிறது. ஊரறிய ஓடிய பழைய பொருளுக்குப் புதுசு என்று பேட்டன்ட் கிடையாது.

கோவிந்தப்பன் லீவு போட்டுவிட்டு, சாமல்பட்டியில் ரயில் ஏறி, மெட்ராஸுக்கே போனான். பரிசோதிக்கிற அதிகாரியிடம் நன்றாகச் சண்டை போடுவது என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போனான். சண்டைக்கு அந்த மனிதர் இடமே கொடுக்கவில்லை.

“விண்ணப்பத்துக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள, சோதனைக்காக வெளியில ஓட்டிப் பார்த்தது தப்பு இல்லை. சட்டமே அனுமதிக்குது” என்றார். “உங்க பெட்டி எப்ப மாட்டினது?”

“எண்பத்தாறு பங்குனி சார். அவரு எழுதிக் குடுத்தப்ப ரெண்டு வருஷம்தான். தப்பா நாலுன்னு எழுதிட்டாரு.”

“அப்ப முடிஞ்சுது. அவரே தேதியைத் திருத்தி, பிரமாணப் பத்திரமா ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். நீட்டிப்பு உட்பட உங்களுக்குக் கடைசி நாள் செப்டம்பர் பதினாலு. அதுக்குமேல யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. விண்ணப்பம் கைவிட்டதா ஆயிடும்.”

ஏழு மாசம் இருந்தது. வேண்டியது ஒரு பக்கம். இதைவிடச் சுலபமான ஆட்சேபணை அந்த ஆபீஸ் சரித்திரத்திலேயே இருந்திருக்காது.

மார்ச்சில் மத்தூருக்குப் போனான். பெட்டிக்குள் பல்லி முட்டை வைத்திருந்தது. சுத்தம் செய்தான், ரிலேயைத் துடைத்தான், சென்னகிருஷ்ணன் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினான். மேயில் போனபோது அவருக்குக் காய்ச்சல். நோயாளியிடம் போய் நீங்கள் எழுதியது தப்பு என்று சொல்வதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான்.

இதற்கு நடுவில் சும்மா இருந்தான் என்று நினைக்க வேண்டாம். சாட்சியை விட்டுவிட்டு, மற்ற எல்லா வழியையும் பார்த்தான். கவனக்குறைவால் நேர்ந்த எழுத்துப்பிழை என்று அழகர்சாமி ஒரு விளக்கம் அடித்தான்.

“கவனக்குறைவா?” என்றான் கோவிந்தப்பன். “நான் கவனிச்சேனே. கவனிச்சிட்டுத்தானே சரின்னேன்.”

“அண்ணே, அதையெல்லாம் அடிக்க முடியாது. கையெழுத்தப் போடுங்க.”

ரிஜிஸ்டர் தபாலில் போனது. சாட்சியே சொல்ல வேண்டும் என்று ஆபீஸ் திருப்பி எழுதியது. கோவிந்தப்பன் இன்னொரு விளக்கம் எழுதினான், ஆறு பக்கம். அதற்கும் அதே பதில், ரெண்டு வரியில். ஒரு மனிதன் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு காகிதம் செலவழிக்க முடியும் என்பதற்கு அந்த ஃபைலே அத்தாட்சி.

அவன் மனைவி முனிலட்சுமி ஓசூர்க்காரி. தமிழில்தான் குடித்தனம் நடத்தினாலும் கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். ஜூலையில் மூன்றாவது முறை மத்தூர் போய் வெறுங்கையோடு வந்து, “வூடு பூரா ஒறம்பரைங்க, சொந்தபந்தம் அத்தனையும் வந்திருக்கு, பேச முடியல” என்றான்.

“சாக்கு” என்றாள் அவள்.

கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெண்டில் எதைச் சொன்னாள் என்று கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை.

“மெட்ராஸ் ஆபீசரோட சண்டை போடற வாயி, மத்தூர்ல மட்டும் பூட்டிக்குதா மாமா? அவரு புலியா, கடிச்சுப்புடுவாரா?”

“உனக்குத் தெரியாது” என்றான். என்ன தெரியாது என்று அவனாலும் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. பத்திரத்தை அழகர்சாமி அடித்துக் கொடுத்திருந்தான். சென்னகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டு, போச்சம்பள்ளியில் ஒரு நோட்டரி முன்னால் முத்திரை வாங்கினால், புதன்கிழமை மெட்ராஸில் கொடுத்துவிடலாம். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நாலாவது முறையாகப் போனான். மோட்டார் ரூம் வாசலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். சென்னகிருஷ்ணன் அவனைக் கண்டதும் கையை நீட்டிக் காட்டினார்.

“இவந்தான், நம்ம ராமப்பன் மவன். ஓசூர்ல பெரிய வேலை. எண்பத்து நாலுல இருந்து இவம் பெட்டிதான் என் மோட்டாரக் காப்பாத்துது. இந்தச் சுத்துப்பட்டுல மொத மொதல்ல மாட்டுனது நாந்தான். கேளுங்க அவன.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவரைப் பொய்யர் ஆக்குவதா? கோவிந்தப்பன் சிரித்தான். பத்திரம் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டும் வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். நாளை லீவு போட்டு மறுபடி வருவது என்று முடிவு செய்தான். திங்கட்கிழமை லீவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, உண்மையைச் சொன்னால், அவன் கேட்கவில்லை.

அக்டோபரில் கடிதம் வந்தது. ரெண்டே வரி. குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை நீக்கப்படாததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது. முனிலட்சுமி வாங்கிப் பார்த்தாள். மடித்து அந்த ஃபைலிலேயே வைத்தாள்.

அன்றைக்கு அவனுக்கு வந்த கோபம் அதுவரை வந்ததே இல்லை. இனி யார் எடுத்துச் செய்தாலும் கேட்க நாதியில்லை. மூன்று வருஷ உழைப்பு போயிற்று. ஒரு மனிதர் வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னதால் போயிற்று. இனி இழக்க என்ன இருக்கிறது? அடுத்த பஸ்ஸைப் பிடித்து மத்தூர் போனான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் அவர் முன்னால் நின்றான்.

“ஐயா, நீங்க எழுதிக் குடுத்தது தப்புங்க. பெட்டி மாட்டுனது எண்பத்தாறுல. நீங்க எழுதுனப்ப நாலு வருசம் இல்லீங்க, ரெண்டு வருசம். அதனாலதான் என் பேட்டன்ட் போச்சு.”

சென்னகிருஷ்ணன் நெற்றியைச் சுருக்கினார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “ஆமா, எண்பத்தாறு மாசியிலதானே மோட்டாரு கருகிச்சு. அப்ப ரெண்டுதான்” என்றார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. “அதுக்கு இப்ப என்ன பண்ணணுங்கற?”

“நீங்க திருத்தி எழுதிக் குடுத்திருக்கணுங்க. போன மாசம் பதினாலாம் தேதிக்குள்ள.”

“இவ்வளவுதானா?” என்றார் அவர். சட்டைப்பையில் துழாவிப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். “எங்க போடணும், குடு. ஏன்டா கோவிந்தா, நான்தான் உன்னையே கேட்டனே, சரிதானேன்னு. அன்னைக்கே ரெண்டுன்னு சொல்லியிருந்தா ரெண்டுன்னு எழுதியிருப்பேன். நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

திறந்த பேனாவோடு அவர் காத்துக்கொண்டிருந்தார். கோவிந்தப்பனுக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று.

“சொல்லியிருக்கலாங்க” என்றான்.