நான்தான்னா யாரு?

அந்தக் கண் மருத்துவமனையில் எல்லாம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர்கள் அச்சடித்தன, போன்கள் அடித்தன, மாடியில் எடுத்த விழிப்படம் கீழே டாக்டரின் திரைக்கு வந்து சேர்ந்தது. புதிதாக வாங்கிய மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் முக்கால்வாசி தெரியவில்லை.

அதன் வேலை எளிது. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் போய், "யார் நீ, என்ன செய்கிறாய்?" என்று கேட்கும். பதில் சொல்லும் கருவியை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கும். தானே தேடும், தானே கண்டுபிடிக்கும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். ஆனால் மாடிக்கு மாடி கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. அவை பேசினால்தான் பின்னால் என்னென்ன தொங்குகிறது என்று தெரியும்.

"ஏம்மா, எல்லாம் மௌன விரதமா?" என்றார் நிர்வாகி. "சாயங்காலம் கான்ட்ராக்டர் வராரு. அதுக்குள்ள தெரிஞ்சா சரி. இல்லன்னா உங்கம்மா போட்டதையெல்லாம் கழட்டிட்டுப் புதுசு போடச் சொல்லிட்டேன். பழசு பாரு, அதான் செத்துப்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதேம்மா."

மகள் தலையாட்டினாள். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேறொரு நிறுவனத்தில் இதே வேலைதான் பார்க்கிறாள் அவள். லீவு போட்டுவிட்டு, நிர்வாகியிடம் தானே கேட்டு வாங்கிக்கொண்ட நாள் இது.

அம்மா இங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர்கள் வந்தபோது, கம்பி எல்லாம் ஒன்றுதானே என்று அதையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் படித்துக்கொண்டாள். சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே, கரண்டியும் கையுமாக மகளிடம் சந்தேகம் கேட்பாள். கடைசியில் மருத்துவமனை முழுக்க அவள் இழுத்த கம்பிதான்.

மகளுக்கு ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருந்தது. "இருக்கிறாயா?" என்று கேட்டால் எல்லா ஸ்விட்சும் உடனே "இருக்கிறேன்" என்கிறது. "யார் நீ?" என்றால்தான் வாயைத் திறப்பதில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தாள். மென்பொருள் ஓடும் சர்வரின் ஃபயர்வால் தடுப்பை இறக்கிப் பார்த்தாள். கேள்வியோடு அனுப்ப வேண்டிய ரகசியச் சொல்லை நிர்வாகியிடம் கேட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். போகிற கேள்விகளைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் முறையாகத்தான் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை. 'தப்பு' என்றுகூட எதுவும் திருப்பிச் சொல்லவில்லை.

எலக்ட்ரீஷியன் ஏணியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவோடு கேபிள் இழுத்தவர் அவர்தான்.

"இதுங்களும் அக்கா மாதிரியே இருக்கு" என்றார். "ஆபரேட்டரா இருந்தப்போ ஒருநாள் பெரிய டாக்டர் போன் பண்ணி 'நான்தான்'னாரு. அக்கா, 'நான்தான்னா யாரு? போன் பண்ற எல்லாரும் நான்தான்'னுட்டாங்க. அவருக்கு வந்துச்சு பாரு கோபம்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுநாள்லேர்ந்து பேரைச் சொல்லிட்டுதான் பேச ஆரம்பிப்பாரு."

மகள் சிரித்துவிட்டாள். வீட்டிலும் அதே கதைதான். பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டுவாள்.

"அம்மா, நான்தான்!"

"நான்தான்னா யாரு?"

"உன் பொண்ணு!"

"எந்தப் பொண்ணு?"

இருந்தது ஒரே பெண். பேரைச் சொன்னால்தான் தாழ்ப்பாள் விலகும். குரல் தெரியாதா உனக்கு என்று எத்தனை முறை சண்டை போட்டிருப்பாள்!

சிரிப்பு பாதியில் நின்றது.

என்ன கேட்கிறோம் என்பதைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கேட்பது என்பதைப் பார்க்கவே இல்லை. ரகசியச் சொல் தப்பென்றாலும் இந்தப் பெட்டிகள் மௌனம்தான், சொல் சரியாக இருந்து ஆள் தெரியாவிட்டாலும் மௌனம்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் மாடி அலமாரியைத் திறந்து, ஸ்விட்சில் நேராகக் கேபிளைச் செருகி, நிர்வாகி தந்த கடவுச்சொல்லோடு உள்ளே போனாள். ஒரே ஒரு வரி. இந்த முகவரியிலிருந்து வரும் கேள்விக்கு மட்டும் பதில் சொல். அம்மாவின் மேசைக் கம்ப்யூட்டரின் முகவரி அது. கம்ப்யூட்டர் இப்போது பரண்மேல் கிடக்கிறது.

"அக்கா கேட்டா மட்டும்தான் வாயைத் திறக்குமா?"

"ஆமாண்ணே."

"அடேங்கப்பா! வளர்ப்பு அப்படி."

புது சர்வருக்கு அந்த முகவரியைக் கொடுத்துத் தேடலை மறுபடி தொடங்கினாள். முதல் மாடி பேசியது. பிறகு இரண்டாம் மாடி, லேப், மருந்தகம். வரைபடத்தில் புள்ளிகள் மளமளவென்று முளைத்தன. தொலைந்துபோனது என்று எழுதித் தள்ளியிருந்த பிரிண்டர் ஒன்று ஸ்டோர் ரூமிலிருந்து ஆஜர் சொன்னது.

"நம்மகிட்ட இவ்வளவு இருக்கா!" என்றார் நிர்வாகி. அங்கேயே நின்று கான்ட்ராக்டருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். "அப்போ இப்படியே விட்டுடலாமேம்மா?"

"அம்மா மேசைக்குப் புது ஆள் வராங்களா சார்?"

"திங்கட்கிழமை சேர்றாங்க."

"அந்த முகவரி அவங்க கைக்குப் போயிடும். யார் வந்து உட்கார்ந்தாலும், இதுங்க அம்மான்னு நெனச்சு எல்லாத்தையும் சொல்லிடும்."

"அப்போ மாத்திடும்மா" என்றார் அவர்.

ஏணியோடு எலக்ட்ரீஷியன் முன்னால் போக, மாடி மாடியாக ஏறினாள். ஒவ்வொரு பெட்டியிலும் சர்வருக்கான புது முகவரியைச் சேர்த்தாள், அம்மாவின் முகவரியை நீக்கினாள். மருந்தகத்துக்கு மேலே இருந்தது கடைசிப் பெட்டி. அங்கே விரல் சற்று நின்றது. எலக்ட்ரீஷியன் விட்டத்தில் எதையோ தேடுவதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தினாள்.

கீழே இறங்கி, சர்வருக்குப் புது முகவரியைக் கொடுத்தாள். வரைபடம் அப்படியே நின்றது. ஒரு புள்ளிகூட அணையவில்லை.

ஒரு சோதனைதான் பாக்கி. அம்மாவின் முகவரியைத் தன் லேப்டாப்புக்குப் போட்டுக்கொண்டு, முதல் மாடியைக் கேட்டாள். யார் நீ?

காத்திருந்தாள். மறுபடி கேட்டாள்.

"என்னம்மா, பேச மாட்டேங்குதா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"சரியா இருக்குண்ணே" என்று லேப்டாப்பை மூடினாள்.